வீட்டுக்கு ஒரு படி

திருவண்ணாமலையில் இறங்கிய காலையிலேயே எனக்கும் சக்சேனாவுக்கும் சட்னியில் சண்டை வந்துவிட்டது. பஸ் நிலையத்துக்கு எதிரே ஓர் ஓட்டலில் இட்லி சொன்னோம். சிவப்புச் சட்னியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தவர், கண்ணில் நீர் முட்ட என் டம்ளரையும் எடுத்துக் குடித்தார். "உன் ஊர்க்காரர்கள் என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள்" என்றார் இந்தியில். இது என் ஊர் இல்லை என்றேன். நான் பிறந்து வளர்ந்தது டில்லியில். தமிழ் எனக்கு அம்மாவோடு சண்டை போடுகிற மொழி, அவ்வளவுதான். ஆனால் விந்தியத்துக்குத் தெற்கே இருக்கிற எல்லா இடமும் சக்சேனாவுக்கு என் ஊர்தான்.

வந்த வேலை பெரிய வேலை. தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. ரேஷன் அரிசியை எல்லோருக்கும் கொடுப்பதா, ஏழைகளுக்கு மட்டும் கொடுப்பதா, உழவரிடம் அரசு நெல் வாங்குவதை இப்படியே நடத்துவதா மாற்றுவதா என்று டில்லியில் ஓயாத பேச்சு. யோசனை சொல்ல ஒரு குழு போட்டார்கள். குழுவுக்கு ஓர் அறிக்கை வேண்டும். அறிக்கை எழுத சக்சேனா. அவருக்குத் தமிழ் தெரியாததால் நான். தமிழ்நாட்டில் எல்லாக் கார்டுக்கும் அரிசி கொடுக்கிறார்களே, அது சரிதானா என்று ஓர் ஊரைப் பார்த்து அவர் எழுத வேண்டும். அவர் எழுதுவதை வைத்துத்தான் குழுவில் பேசுவார்கள்.

லாட்ஜில் மேனேஜர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா, இந்த சார் உங்களுக்கு இன்னா ஒறவு?" என்று என்னிடம் கேட்டார். மேலதிகாரி என்றேன். எனக்கு முதல் மாடியிலும் அவருக்கு மூன்றாம் மாடியிலும் அறை கொடுத்து, சாவியை நீட்டும்போது சொன்னார்: "நாளான்னிக்கு பௌர்ணமிங்க. மத்தியானத்துக்குள்ள காலி பண்ணிடணும். அன்னிக்கு ஆளு ஜாஸ்தி."

எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளாது. அன்று முழுக்க அலுவலகங்களில் எங்களை உட்கார வைத்தார்கள். ஒவ்வோர் அறையிலும் டீ வந்தது, ஒவ்வொருவரும் வேறொருவரைப் பார்க்கச் சொன்னார்கள். மாலைக்குள் எனக்கு யாரையாவது கடித்துவிடலாம் போலிருந்தது. சக்சேனாவோ பையிலிருந்து வறுகடலையை எடுத்து ஒவ்வொன்றாகத் தோலுரித்துத் தின்றுகொண்டிருந்தார். ஓய்வு பெறப் போகிறவருக்கு வரும் நிதானம் அது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை கீழ்பென்னாத்தூர் பக்கம் கிளம்பினோம். ஜீப் ஓட்டியவர் ஏழுமலை. வண்டியைக் காட்டிலும் அவர் வாய் வேகமாக ஓடியது. பாதி வழியில் ஃபேன் பெல்ட் அறுந்தது. "அஞ்சாறு தபா சொல்லிட்டேங்க, மாத்துங்கன்னு. யாரு கேக்கறாங்க?" என்று எங்களையே குற்றவாளிகளைப் போலப் பார்த்தார். பின்னால் வந்த ஒரு வேனில் ஏறினோம். அதில் நிலக்கடலை மூட்டைகள். இங்கே அதற்கு மல்லாட்டை என்று பெயர். சக்சேனா மூட்டை மேல் உட்கார்ந்து, கிழிசல் வழியே நாலு காய் எடுத்து உடைத்துத் தின்று, "உன் ஊரில் முதல் நல்ல சாப்பாடு" என்றார். வேன்காரர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துவிட்டு இன்னும் ஒரு கை அள்ளிக்கொள்ளச் சொன்னார்.

நாங்கள் பார்க்க வேண்டிய ஊர் ரோட்டை விட்டுச் சற்று உள்ளே இருந்தது. அன்று ரேஷன் கடையில் லோடு இறங்கிய நாள். கடை வாசலில் நீண்ட வரிசை, ஆனால் ஆட்கள் குறைவு. துணிப்பைகளும் மடித்த சாக்குகளும்தான் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன.

"இதெல்லாம் யாருடையது?" என்றார் சக்சேனா.

"பை நிக்குதுங்க. ஆளு கொல்லைல களையெடுக்கப் போயிருக்கு, தன் மொற வந்தா வந்துடும்" என்றார் ஒருவர். மூர்த்தி என்று பெயர், முப்பது வயதிருக்கும், தானாகவே வந்து எங்களுக்கு ஊரைக் காட்டும் பொறுப்பை எடுத்துக்கொண்டவர். டில்லியில் எங்கள் தெரு ரேஷன் கடையில் பையை இப்படி விட்டுப் போனால் திரும்பி வரும்போது பையும் இருக்காது, இடமும் இருக்காது. சரக்கு தீர்ந்துவிட்டது என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்கவே அம்மா என்னை அங்கே அனுப்புவாள்.

ஊருக்குள் வரும்போது ரோட்டில் பாதிக்கு நெல் காயப் போட்டிருந்ததை சக்சேனா பார்த்திருந்தார். அதுதான் அவரை உறுத்தியது. இவ்வளவு நெல் விளைகிற ஊர் எதற்காக அரிசிக்கு வரிசையில் நிற்கிறது என்று கேட்டார். பைகளுக்கு நடுவே நின்ற ஒரு பெண் பதில் சொன்னாள். மூர்த்தியின் அண்ணி, பெயர் கலாவதி.

"நெல்லு களத்துலயே போயிடுதுங்க. வெதைக்கு, எருவுக்கு, ஆளு கூலிக்குன்னு போவ மிச்சம் இன்னா நிக்கும்? நமக்குச் சோறு இந்தக் கடைலதான்."

சக்சேனாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒரே மூட்டை ஊரை விட்டுப் போய், கிடங்குகளில் தூங்கி, எலிகளுக்கும் கொஞ்சம் கொடுத்து, மறுபடி இதே ஊருக்கு வருகிறது, இதைவிடக் கையில் காசாகக் கொடுத்துவிட்டால் என்ன என்றார். நான் மொழிபெயர்த்தேன். மூர்த்தி, "காசு நல்லதுதான் சார்" என்றார். கலாவதி அவர் பக்கம் திரும்பவே இல்லை. "அவரு கையில காசு தங்கற அழகு ஊருக்கே தெரியும்" என்றாள். வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

சக்சேனா விடவில்லை. அவரிடம் இன்னொரு யோசனை இருந்தது. அரிசியைக் கொஞ்சம் மட்டமாகக் கொடுத்தால் வசதியானவர்கள் தாமாகவே விலகிவிடுவார்கள், யாரையும் வடிகட்டும் வேலை இருக்காது. இதைச் சொல்ல எனக்கு நாக்கு கூசியது. ஆனாலும் சொன்னேன்.

"இதுக்கு மேல மட்டமா எப்படிக் குடுப்பாரு?" என்றாள் கலாவதி நிஜமான அக்கறையோடு. நான் அதையும் மொழிபெயர்த்தேன். சக்சேனா வாய்விட்டுச் சிரித்தார். அவரிடம் எனக்குப் பிடித்த குணம் அது.

அப்போதுதான் அவர் கண்ணில் அந்த மெத்தை வீடு பட்டது. தெருக்கோடியில், கூரை வீடுகளுக்கு நடுவே, காங்கிரீட் தளம் போட்ட ஒற்றை வீடு. யாருடையது என்றார். எல்லோரும் கலாவதியைப் பார்த்தார்கள். டில்லியில் பேசிக்கொண்டிருந்த அளவுகோல்களில் இதுவும் ஒன்று: தளம் போட்ட வீடு இருந்தால் அவர் ஏழை இல்லை. நிலம் இருந்தால் ஏழை இல்லை. கலாவதிக்கு இரண்டும் இருந்தன.

"இவரு எதுக்கும்மா எங்க வூட்டையே பாத்துக்கினு கீறாரு?" என்று என்னிடம் கேட்டாள். மறைக்க மனம் வரவில்லை. எதற்கென்று சொன்னேன்.

அவள் எங்களை நேரே வீட்டுக்கு அழைத்துப் போனாள். வெளியே பூச்சு இல்லை. உள்ளே மண்தரை. நிலைக்குக் கதவு இல்லை, கோணிச் சாக்கைத் தொங்கவிட்டிருந்தாள். அவள் புருஷனுக்குப் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. ஊருக்கெல்லாம் தளம் போடுகிறவன் தன் வீட்டுக்கும் ஒன்று போட ஆசைப்பட்டுத் தளத்தோடு நின்றுவிட்டான். கொல்லையில் போட்ட மல்லாட்டை மழையில்லாமல் காய்ந்துவிட்டது. இரண்டு பெண்கள், மூத்தவள் பத்தாவது படிக்கிறாள். சுவரில் சாய்த்து வைத்திருந்த அவள் புத்தகங்கள்தான் அந்த வீட்டிலேயே ஒழுங்காக இருந்த பொருள்.

"கார்டுல அரிசி நின்னுடுமாம்மா?"

"தெரியலங்க. இன்னும் பேசிக்கிட்டிருக்காங்க."

"நின்னுட்டா பசங்கள இட்டுக்கினு நானும் பெங்களூருக்குத்தான் போவணும். அங்க கட்டடத்துலயே தங்கிக்கணும். அப்புறம் இவ எங்க பத்தாவது எழுதறது?" தளத்தை நிமிர்ந்து பார்த்தாள். "மெத்தைய பிச்சுத் திங்க முடியுமா, நீங்களே சொல்லுங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் நான் சக்சேனாவைக் குடைந்துகொண்டே வந்தேன். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். ஊர் எல்லையில் மலை தெரிய ஆரம்பித்தபோது வாய் திறந்தார். "நீ சொல்வது சரி. வீட்டைப் பார்ப்பது முட்டாள்தனம். அரிசியைத் தின்கிறார்களா என்றுதான் பார்க்க வேண்டும். தின்கிறவனுக்குத் தேவை இருக்கிறது. இந்த ஊர் தின்கிறது. அப்படியே எழுதிவிடுகிறேன்." எனக்குச் சந்தோஷத்தில் அங்கேயே இறங்கி நடக்கலாம் போலிருந்தது. அன்று ராத்திரி அவருக்காகத் தயிர் சாதம் தேடி மூன்று ஓட்டல் ஏறி இறங்கினேன்.

மறுநாள் பௌர்ணமி. நேற்று வரை நான் பார்த்த ஊர் காணாமல் போயிருந்தது. கடைக்காரர்கள் சாக்கடை ஓரம் வரை சாமான் பரப்பிவிட்டார்கள். லாட்ஜ் படிக்கட்டில் மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டியோடு வெளியே வந்தால் ஆட்டோ இல்லை, ஜீப் உள்ளே வர முடியாது, பஸ்களை ஊருக்கு வெளியே ஏதோ ஒரு தற்காலிக இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். எங்கே என்று மேனேஜரிடம் கேட்டேன். "கூட்டத்தோட போங்க, வரும்" என்று கையை வீசினார்.

கூட்டத்தோடு போனோம். அதுதான் தப்பு. மலையைச் சுற்றுகிற கூட்டத்தில் ஒரு முறை கலந்துவிட்டால் திரும்ப வழியில்லை. அத்தனை ஜனமும் ஒரே திசையில் நடக்கிறது. பஸ் எங்கே என்று கேட்டவரெல்லாம் முன்னால் கை காட்டினார்கள். சக்சேனா பூட்ஸோடு நடப்பதைப் பார்த்து ஓர் அம்மாள், "செருப்பக் கழட்டுங்க சாமி" என்றாள். அவர் பூட்ஸைக் கழற்றி லேஸால் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையில் பெட்டியோடு சூடான தார் ரோட்டில் தத்தித் தத்தி நடந்தார். எங்கள் முன்னால் ஒரு தெலுங்குத் தம்பதி சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். எனக்குப் புரிந்த அரைகுறைத் தெலுங்கில், "நேர்ந்துகொண்டது உன் அம்மா, கொப்புளம் என் காலிலா?" என்று கணவர் கேட்டார். அவள், "இன்னும் சத்தமாகச் சொல்லுங்கள், மலைக்குக் கேட்கட்டும்" என்றாள்.

டில்லியில் இவ்வளவு கூட்டம் சேர்ந்தால் எனக்குப் பயம் வரும். இங்கே பயம் வரவில்லை, பொறுமைதான் போயிற்று. முந்தவும் முடியாது, நிற்கவும் முடியாது. பஸ் போய்விடும் என்ற நினைப்பு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வழியெங்கும் யாராவது கையில் எதையாவது திணித்தார்கள். மோர், சுண்டல், விசிறி, துண்டுப் பிரசுரம். சக்சேனா எதையும் மறுக்கவில்லை.

அடி அண்ணாமலைக்கு வந்தபோது வெயில் இறங்கிவிட்டது. ஒரு பந்தலில் அண்டாக்கள். தக்காளிச் சாத வாசனை. வரிசையில் நின்றோம். கரண்டி பிடித்திருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "டில்லி சார்" என்றார் முகமெல்லாம் பல்லாக. மூர்த்தி.

அவர்கள் ஊரேதான் அங்கே இருந்தது. ரேஷன் கடை வரிசையில் சிரித்த பெண்கள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். பின்னால் அடுப்படியில் கலாவதி. எங்களை ஓரமாக நிறுத்தி, இலையில் சுடச்சுடப் போட்டுக் கொடுத்தார் மூர்த்தி. பசியில் சக்சேனா காரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. இவ்வளவு பேருக்கு யார் செலவு என்று மட்டும் கேட்டார்.

மூர்த்திக்குப் பெருமை தாங்கவில்லை. "வெளியாளு யாரும் இல்ல சார், எங்க ஊருதான். பூரா ரேஷன் அரிசி. கடைல வாங்கினதும் வூட்டுக்கு ஒரு படி எடுத்து வச்சிடுவோம். மெத்த வூடு, கூர வூடுன்னு வித்தியாசம் கெடையாது. மாசாமாசம் பௌர்ணமிக்கு ஒரு தபாகூடத் தவறினதில்ல."

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. ரேஷன் என்ற சொல்லுக்கு இந்தியிலும் அதுதான் பொருள். சக்சேனா மெல்லுவதை நிறுத்தினார்.

"முழுதாகச் சொல்" என்றார். சொன்னேன்.

"நாடு முழுக்க வரி கட்டுகிறவன் பணத்தில் இவர்களுக்கு மலிவாக அரிசி கொடுக்கிறோம். இவர்கள் அதைப் பெங்களூரிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் காரில் வருகிறவர்களுக்குப் போடுகிறார்கள்." குரலில் கோபம் இல்லை. ஏமாந்துபோன குரல். "தின்கிறார்கள் என்று எழுதவிருந்தேன். நல்லவேளை."

ஒரு படிதானே சார், மீதியைத் தின்கிறார்கள் என்றேன். ஒரு படி மிச்சம் இருக்கிற வீட்டுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று குழுவில் கேட்பார்கள், நீ என்ன சொல்வாய் என்றார். நேற்று கோணிச் சாக்கு தொங்கிய வீட்டைப் பார்த்த அதே மனிதர். கண்முன்னால் பத்தாவது வகுப்புப் புத்தகங்கள் வந்து நின்றன. அந்த நேரத்தில் மூர்த்தியின் வாயை அடைக்க வேண்டும்போலிருந்தது எனக்கு.

எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுக் கலாவதி அடுப்படியிலிருந்து வந்தாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே, "இன்னாம்மா, சாருக்குக் காரமா?" என்றாள். இல்லை என்று சொல்லி, விஷயத்தைச் சொன்னேன். உபரியாக இருப்பதால்தான் கொடுக்கிறீர்கள் என்று நினைக்கிறார் என்றேன்.

"உபரியா?" அவளுக்கு அந்தச் சொல்லே வேடிக்கையாக இருந்தது. "யாரும்மா சொன்னது? வேண்டுதல் இது. முன்ன ஒரு வருஷம் கடைக்கு லோடே வரல. பைய வச்சிட்டு வச்சிட்டு வந்ததுதான் மிச்சம், பைகூட மழைல நனைஞ்சு போச்சு. பொம்பளைங்க எல்லாம் கீழ்பென்னாத்தூருக்கு நடந்தே போய்க் கேட்டோம். இன்னிக்கி வரும் நாளைக்கி வரும்னாங்க. அப்புறம் இங்க வந்து அண்ணாமலையாருக்கு வேண்டிக்கினோம். லோடு தவறாம வந்தா, வர்ற அரிசில வூட்டுக்கு ஒரு படி உனக்குன்னு. அடுத்த வாரமே லாரி வந்துச்சு. அன்னிலேந்து நிக்கல. அதான் போடறோம்."

"ஒரு படி போட்டா உங்களுக்குப் பத்துமா?"

"பத்தாதுதான். மாசக் கடைசில கஞ்சியாக் குடிச்சுக்குவோம். லாரியே வரலன்னா அந்தக் கஞ்சி ஏது?"

இந்தியில் ஒரு சொல் விடாமல் சொன்னேன். சக்சேனா முதலில் சிரித்தார். "அரசாங்க லாரி வருவதற்குக் கடவுளுக்கு அரசாங்க அரிசியிலேயே கமிஷனா?" என்றார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கைக்குட்டையை எடுத்தார், மறுபடி பையில் வைத்தார். அறிக்கையில் லாரிக்கு ஓர் இடம் இருக்கிறது, கிடங்குக்கு இடம் இருக்கிறது, இதற்கு எங்கே இடம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கலாவதி இதற்குள் விஷயத்தை மனசுக்குள் புரட்டிப் பார்த்துவிட்டாள். மூர்த்தியின் கரண்டியும் நின்றுபோயிருந்தது. வரிசையில் பின்னால் இருந்தவர்கள் இலையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"அப்ப ஒண்ணு சொல்லுங்கம்மா" என்றாள் அவள். "படி போட்டா இவரு நிறுத்திடுவாரு. போடலன்னா சாமி நிறுத்திடும். நாங்க இன்னாதான் பண்றது?"

நான் சக்சேனாவைப் பார்த்தேன். மொழிபெயர்த்தேன். அவர் அவளை நேராகப் பார்த்து, மெதுவாக, அவளுக்கே புரிந்துவிடும் என்பதுபோல் இந்தியில் சொன்னார்: "பயப்படாதே என்று சொல். இன்னும் எதுவும் முடிவாகவில்லை."

ஆறுதலாகத்தான் சொன்னார். அதை நான் அறிவேன். தமிழிலும் ஆறுதலாகவே சொன்னேன்.

"முடிவாவலயா?" கலாவதியின் முகம் மாறிவிட்டது. அண்டாவை எட்டிப் பார்த்தாள். பிறகு மூர்த்தியிடம் திரும்பினாள். "தம்பி, ஊர்ல சொல்லிடு. அடுத்த மாசத்துலேந்து வூட்டுக்கு ரெண்டு படி."

மூர்த்தி தலையாட்டிவிட்டு மறுபடி கரண்டியை அண்டாவில் விட்டார். வரிசை நகர ஆரம்பித்தது. "என்ன சொன்னாள்?" என்று சக்சேனா கேட்டார். எனக்கு யார் மேல் என்று தெரியாத கோபம். சொன்னேன். கையிலிருந்த இலையில் இன்னும் பாதிச் சோறு இருந்தது. அதைத் தின்னவும் முடியாமல், கீழே போடவும் முடியாமல், அந்த மனிதர் அங்கேயே நின்றுவிட்டார்.